எங்கள் வீதி முனைத் தடுப்பை எடுங்கள்: நகராட்சிக்கும் போக்குவரத்துக் காவல் துறைக்கும் ஒரு திறந்த மடல்

நகராட்சி ஆணையர் அவர்களுக்கும், நகர்மன்றத் தலைவர் அவர்களுக்கும், போக்குவரத்துக் காவல் ஆய்வாளர் அவர்களுக்கும்,

ஆடித் தள்ளுபடிக் கூட்டத்துக்காக என்று சொல்லி, கடை வீதிக்குப் பின்னால் இருக்கும் எங்கள் வீதியின் முனையில் இரும்புத் தடுப்பு வைத்தீர்கள். ஆடி போனது, தீபாவளி போனது, தைப்பொங்கலும் போய் மாசி பிறந்துவிட்டது. தடுப்பு இன்னும் அங்கேயேதான் இருக்கிறது, இப்போது சங்கிலியும் பூட்டும் சேர்ந்துவிட்டன. நடுவில் வீதியை ஒருவழிப் பாதை ஆக்கினீர்கள். அப்புறம் இருசக்கர வாகனம் நிறுத்தக் கூடாது என்று பலகை நட்டீர்கள். இதையெல்லாம் செய்யும் முன்னால் எங்கள் வீதியில் கடை வைத்திருக்கும் ஒருவரிடம் கூட நீங்கள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கடை வீதிக்காரர்களைக் கூப்பிட்டு ஆலோசனைக் கூட்டம் நடத்தியிருக்கிறீர்கள் என்பதே எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

மனு கொடுத்தோம். பகுதி சபையில் எழுந்து பேசினேன், "பாக்கறோம்மா" என்றார்கள். எந்த உத்தரவின் பேரில் தடுப்பு வைத்தீர்கள் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி கேட்டதற்கு, சட்டம் சொல்லும் 30 நாள் கெடு தாண்டியும் பதில் இல்லை. இனியும் பேசாமல் இருந்தால் வைகாசி முகூர்த்தம் வருவதற்குள் எங்கள் வீதியில் பாதி ஷட்டர் இறங்கியிருக்கும். அதனால்தான் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். ஊர்ப் பெயரும் கதவு எண்ணும் உங்கள் கையில் உள்ள மனுவிலேயே இருக்கின்றன, இங்கே அவை தேவையில்லை. கொங்கு நாட்டில் பெரிய கடை வீதி உள்ள எந்த ஊரிலும் அதன் பின்னால் இப்படி ஒரு வீதி இருக்கும்.

நான் தையல் சாமான் கடை வைத்திருக்கிறேன். 1987ல் அப்பா ஆரம்பித்தது. 10 அடிக்கு 12 அடி இடம். நூல், ஊசி, பாபின், கொக்கி, ஜிப், பட்டன், எலாஸ்டிக், லைனிங் துணி, சேலைக்கு ஃபால்ஸ், இவ்வளவுதான் சரக்கு. எலாஸ்டிக் திருப்பூரில் எடுப்பேன், லைனிங்கும் ரவிக்கைத் துணியும் ஈரோட்டில். எனக்கு இந்தப் பக்கம் பாத்திரக் கடை, அந்தப் பக்கம் தறி சாமான் கடை. எதிரே குக்கர், மிக்சி ரிப்பேர் செய்பவர். கொஞ்சம் தள்ளி நாட்டு மருந்துக் கடை, இரண்டு டெய்லர்கள், பத்திரிகை அடிக்கும் அச்சகம், டீக்கடை. கடை வீதியில் ஒரு கடைக்குக் கேட்கும் அட்வான்ஸை வைத்து எங்கள் வீதியில் கடையும் பிடித்து, சரக்கும் நிரப்பி, ஒரு வருஷ வாடகையும் கொடுத்துவிடலாம். நாங்கள் உள்ளே தள்ளி இருப்பதற்கு முதல் காரணம் அதுதான்.

இந்த மாதிரிக் கடைகள் எப்படிப் பிழைக்கின்றன என்று தெரிந்திருந்தால் அந்தத் தடுப்பை நீங்கள் வைத்திருக்க மாட்டீர்கள் என்று இன்னமும் நம்புகிறேன். அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒரு அம்மிணி மயில்கழுத்து நிறச் சேலையைப் பையில் போட்டுக்கொண்டு வருவார். பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம். ஒரு பக்கம் சாய்த்தால் பச்சை, இன்னொரு பக்கம் சாய்த்தால் நீலம். கடைக்குள் டியூப் லைட்டில் பார்த்து நூல் எடுத்துக் கொடுத்தால் வீட்டுக்குப் போனதும் வேறு நிறமாகத் தெரியும். அதனால் சேலையை வாசலுக்கு எடுத்துப் போய்ப் பகல் வெளிச்சத்தில் விரித்துப் பிடிப்பேன். நூல்கண்டை அப்படியே பக்கத்தில் வைத்தும் முடிவு செய்யக் கூடாது. கண்டில் சுற்றியிருக்கும்போது நூல் நிறம் அழுத்தமாகத் தெரியும். ஒரே ஒரு இழையை உருவிச் சேலையின் மேல் போட வேண்டும். இழை எங்கே இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாமல் போனால் அதுதான் சரியான நூல். நான்கைந்து கண்டு மாற்றினால்தான் அது கிடைக்கும். இவ்வளவுக்கும் வியாபாரம் 10 ரூபாய்.

அந்த 10 ரூபாயை வைத்து யாரும் கடை நடத்த முடியாது. ஆனால் அந்த அம்மிணி லைனிங்குக்கு மறுபடி வருவார். மகள் கல்யாணத்துக்குக் கடை வீதியில் ஜவுளி எடுத்த கையோடு அத்தனை சேலைக்கும் ஃபால்ஸ் வாங்க வருவார். பக்கத்து வீட்டுக்காரரையும் கூட்டி வருவார். வீட்டில் மெஷின் போட்டு ரவிக்கையும் நைட்டியும் தைக்கும் பெண்கள் வாரம் முழுக்க நோட்டில் எழுதிவைத்து வாங்குவார்கள், சனிக்கிழமை வீட்டுக்காரருக்குக் கம்பெனிச் சம்பளம் வந்ததும் கணக்கு முடிப்பார்கள். என் கடையில் அந்த நோட்டுதான் முதலீடு. ஆன்லைன் வந்ததால்தான் சின்னக் கடைகள் படுத்துவிட்டன என்று கூட்டங்களில் பேசுகிறார்கள். எங்கள் வீதியைப் பொறுத்தவரை அது உண்மை இல்லை. மயில்கழுத்துச் சேலைக்கு நூலைப் போன் திரையில் பார்த்து யாரும் வாங்குவதில்லை.

பாத்திரக் கடைக்காரர் பேர் வெட்டுவதில் கை தேர்ந்தவர். சீருக்கு வாங்கும் குடம், அண்டா, தூக்குப்போசி எல்லாவற்றிலும் பேர் வெட்டியாக வேண்டும். இன்னார் வீட்டு வகையில் இன்னாருக்கு என்று அவர் வெட்டினால் அச்சில் அடித்த மாதிரி இருக்கும். கடை வீதி ஷோரூமில் வாங்கிய பாத்திரத்தையும் மூட்டை கட்டி அவரிடம்தான் கொண்டு வருகிறார்கள். தறி சாமான் கடைக்கு வருகிறவருக்கு எப்போதும் அவசரம். நாடாவை அடித்துத் தள்ளும் பிக்கர் உடைந்தால் தறி நின்றுவிடும், தறி நின்றால் அன்றைக்குக் கூலி இல்லை. ராத்திரி 10 மணிக்குப் போன் பண்ணினாலும் அந்த அண்ணன் வந்து ஷட்டரைத் தூக்கிக் கொடுப்பார்.

கடை வீதிக்கு நாங்கள் போட்டி இல்லை என்பதை இதிலிருந்தே நீங்கள் பார்க்கலாம். பெரிய ஜவுளிக் கடையில் எடுத்த சேலைக்கு ஓரம் அடித்து ஃபால்ஸ் வைப்பது எங்கள் வீதி டெய்லர்கள். அங்கே எடுத்த பேண்ட்டைக் குறைத்துத் தருவதும் அவர்கள்தான். கோவை ஒப்பணக்கார வீதிக்கும் சரி, ஈரோட்டு ஈஸ்வரன் கோயில் வீதிக்கும் சரி, சுற்றியுள்ள சந்துகள் இல்லாமல் ஜவுளி வியாபாரம் முழுமை ஆகாது. எங்கள் ஊரிலும் அப்படித்தான்.

எங்களிடம் வருகிறவர்கள் வேடிக்கை பார்க்க வருவதில்லை. இன்னது வேண்டும் என்று வருகிறார்கள். எக்ஸ்எல் வண்டியையோ ஸ்கூட்டியையோ வாசலில் நிறுத்தி, ஐந்து பத்து நிமிடத்தில் வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். கையில் மிக்சி இருக்கும், பாத்திர மூட்டை இருக்கும், துணிப் பை இருக்கும். வண்டி வாசல் வரைக்கும் வராவிட்டால் அவர்களும் வர மாட்டார்கள்.

இப்போது என்ன நடக்கிறது தெரியுமா? கடை வீதிப் பக்கம் முனையை அடைத்துவிட்டதால் பேருந்து நிலையம் சுற்றி, சிக்னலில் நின்று, மறுமுனை வழியாக உள்ளே வர வேண்டும். வந்தாலும் நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் போட்டோ எடுத்து அபராதம். கட்டண நிறுத்துமிடம் பேருந்து நிலையத்துக்கும் அந்தப் பக்கம். 10 ரூபாய் நூலுக்கு 10 ரூபாய் டோக்கன் போட்டுவிட்டு வெயிலில் நடந்து வர யாருக்கு மனசு வரும்? "ஏனுங்கக்கா, கடையைக் காலி பண்ணிட்டீங்களாமா?" என்று போனில் கேட்கிறார்கள். இந்தத் தீபாவளிக்கு என் கல்லாவில் விழுந்தது வழக்கமான தீபாவளியில் பாதி கூட இல்லை. ரிப்பேர்க்காரர் கடையில் உதவிக்கு இருந்த பையன் நின்றுவிட்டான். டீக்கடையில் சாயங்காலப் பால் வாங்குவதை நிறுத்திவிட்டார்கள். பார்சல் ஆபீஸிலிருந்து சரக்கு வந்தால் லோடு ஆட்டோ மறுமுனையோடு நின்றுகொள்கிறது, பண்டலைத் தலையில் சுமந்து வரத் தனிக் கூலி. பொங்கலுக்கு முன்னால் அணைந்த தெருவிளக்குகள் இரண்டு இன்னும் எரியவில்லை. ஏழு மணிக்கு மேல் பெண்கள் எங்கள் வீதிக்குள் வரத் தயங்குகிறார்கள், கடையில் வேலை பார்க்கும் பிள்ளைகளும் சீக்கிரம் அனுப்பச் சொல்கிறார்கள்.

அந்தத் தடுப்பைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதில் கடை வீதியின் பெரிய ஜவுளிக் கடை ஒன்றின் விளம்பரம் இருக்கிறது. எங்கள் வீதிக்கு வருகிறவரை மறிக்கும் தடுப்பே அவரை வேறு கடைக்குக் கூப்பிடுகிறது. தடுப்புகளுக்குக் கடைக்காரர்கள் உபயம் செய்வது எல்லா ஊரிலும் உண்டு, எனக்குத் தெரியும். ஆனால் ஒரு வீதியின் வியாபாரத்தை மறித்து நிற்கும் தடுப்பில் அது இருப்பது எங்களுக்கு அவமானமாக இருக்கிறது. அதே முனையில் நாங்கள் எல்லோரும் பணம் போட்டு வைத்திருந்த வழிகாட்டிப் பலகையை ஆக்கிரமிப்பு என்று சொல்லி எடுத்துப் போனீர்கள். அது சுவரோடு சுவராக இருந்தது. ஒருவர் நடக்கவும் அது இடைஞ்சல் இல்லை.

சரி, நெரிசல் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. விசேஷ நாட்களில் மூச்சு முட்டுகிறது. ஆனால் அது எங்கே ஆரம்பிக்கிறது என்று ஒரு சனிக்கிழமை சாயங்காலம் நடந்து பார்த்தால் தெரியும். கடை வீதியின் பெரிய கட்டிடங்களில் அடித்தளம் இருக்கிறது. கட்டிட அனுமதி வரைபடத்தில் அது வாகன நிறுத்துமிடம். 2019ன் ஒருங்கிணைந்த கட்டிட விதிகள் வணிகக் கட்டிடத்துக்கு இவ்வளவு நிறுத்துமிடம் வேண்டும் என்று சொல்கின்றன. நேரில் போய்ப் பாருங்கள். ஒன்றில் சரக்கு மூட்டை, ஒன்றில் தள்ளுபடிப் பிரிவு, ஒன்றில் ஜெனரேட்டரும் அட்டைப் பெட்டியும். அங்கே நிற்க வேண்டிய கார்கள்தான் எங்கள் வீதியில் வந்து நின்றன. ஒரு கார் நிற்கும் இடத்தில் நாலைந்து ஸ்கூட்டி நிற்கும். காரைக் கட்டுப்படுத்தாமல் ஸ்கூட்டியைத் தடை செய்தீர்கள். அடித்தளத்தை அடைத்து வைத்திருப்பவருக்கு ஒரு தொந்தரவும் இல்லை, தண்டனை முழுவதும் எங்களுக்கு வந்துவிட்டது.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் படித்துப் பார்த்தேன். மோட்டார் வாகனச் சட்டம் 1988ன் 115ஆம் பிரிவுப்படி, ஒரு பகுதியில் அல்லது சாலையில் வாகனங்களுக்குத் தடையோ கட்டுப்பாடோ விதிக்க அரசுக்கும் அரசு அதிகாரம் கொடுத்தவர்களுக்கும் உரிமை உண்டு. அது ஒரு மாதத்துக்கு மேல் நீடிக்குமானால் அரசிதழில் அறிவிப்பு வர வேண்டும். ஒரு மாதத்துக்குள் என்றால் உள்ளூரில் விளம்பரப்படுத்தினால் போதும். வாகனம் எங்கே நிறுத்தலாம் என்பதை உள்ளாட்சியைக் கலந்து முடிவு செய்ய வேண்டும் என்று 117ஆம் பிரிவு சொல்கிறது. ஆடியில் வைத்த தடுப்பு மாசியில் இருக்கிறது. அரசிதழ் அறிவிப்பு இருந்தால் எண்ணையும் தேதியையும் சொல்லுங்கள், நாங்கள் படித்துக்கொள்கிறோம். இல்லை என்றால் இத்தனை நாள் எந்த அதிகாரத்தில் அந்தப் பூட்டு தொங்குகிறது? இதைக் குறை சொல்வதற்காகக் கேட்கவில்லை. எங்கள் பிழைப்பை மாற்றிய ஒரு முடிவு, கையெழுத்துப் போட்ட ஒரு தாளிலாவது இருக்க வேண்டும் என்று கேட்கிறேன்.

சென்னை பாண்டி பஜாரில் 2019 நவம்பரில் நடைபாதை வளாகம் திறந்தார்கள். வண்டிக்கு இடம் குறைந்தது, ஆனால் நடக்கிறவர்களுக்கு அகலமான பாதையும் உட்கார இடமும் கிடைத்தன. நடந்து போக வசதி செய்து கொடுத்தால் வாங்க வருகிறவர்கள் நடப்பார்கள், அதை நான் மறுக்கவில்லை. எங்கள் வீதியில் வண்டிக்கு இருந்த இடமும் போனது, நடக்கிறவருக்கும் ஒன்றும் வரவில்லை. சாக்கடை மேல் போட்ட கல் பலகைகள் ஆடுகின்றன. நாட்டு மருந்துக் கடைக்கு வரும் வயசானவர்கள் ஒவ்வொரு பலகையையும் காலால் தட்டிப் பார்த்துத்தான் அடுத்த அடி வைக்கிறார்கள்.

நாங்கள் வரி கட்டாதவர்களும் இல்லை. 2022ல் சொத்து வரியைச் சீரமைத்தபோது வணிகக் கட்டிடங்களுக்கு 100 சதவீதம் ஏறியது. கட்டிடக்காரர் அதை வாடகையில் ஏற்றினார், நாங்கள் கொடுக்கிறோம். தொழில் வரி, தொழில் உரிமக் கட்டணம், குப்பைக் கட்டணம் எல்லாம் கட்டுகிறோம்.

இதைப் படித்துவிட்டு, அப்படியானால் வீதியில் உள்ள தள்ளுவண்டிகளை அகற்றி இடம் ஏற்படுத்துகிறோம் என்று நீங்கள் கிளம்பிவிடக் கூடாது. எங்கள் வீதிக்காரர்கள் சிலருக்கே அந்த எண்ணம் இருக்கிறது, எனக்கு இல்லை. முனையில் பூக்கட்டும் அக்காவும் கொய்யாப்பழ வண்டியும் இருப்பதால்தான் கடை வீதியில் போகிறவர்கள் எங்கள் பக்கம் திரும்பியே பார்க்கிறார்கள். அவர்களும் வியாபாரிகள். 2014ன் சாலையோர வியாபாரிகள் சட்டம் அவர்களுக்குப் பாதுகாப்புக் கொடுத்திருக்கிறது. நகர விற்பனைக் குழுவில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் சாலையோர வியாபாரிகளே இருக்க வேண்டும் என்கிறது. அந்தக் குழுவைக் கூட்டி அவர்களையும் கேளுங்கள்.

நாங்கள் கேட்பது இவைதான்.

பங்குனியில் மாரியம்மன் திருவிழாவுக்கு நோம்பி சாட்டுவதற்குள் வீதி முனையில் உள்ள தடுப்பை முழுவதுமாக எடுக்க வேண்டும். நோம்பிக் கூட்டத்திலும் ஆம்புலன்ஸும் தீயணைப்பு வண்டியும் இந்த வழியாகத்தான் உள்ளே போக வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள். ஒருவழிப் பாதை உத்தரவை இருசக்கர வாகனங்களுக்கு விலக்க வேண்டும். ஆடி, தீபாவளி, முகூர்த்தச் சமயங்களில் கட்டுப்பாடு வேண்டுமென்றால் மாலை 5 மணியிலிருந்து 9 மணி வரை கார்கள் உள்ளே வருவதை மட்டும் தடுங்கள், அதற்கு எங்களில் யாரும் மறுப்புச் சொல்லவில்லை. வீதியின் ஒரு பக்கம் வெள்ளைக் கோடு போட்டு இருசக்கர வாகனங்களுக்கு 20 நிமிடம் இலவசமாக நிறுத்த இடம் கொடுங்கள். அதற்கு மேல் நிற்கும் வண்டிக்கு அபராதம் போடுங்கள். எங்கள் சொந்த வண்டிகளைக் கட்டண நிறுத்துமிடத்தில் விட்டுவிடுகிறோம், அதை எழுதிக் கையெழுத்துப் போட்டே தருகிறோம். சரக்கு இறக்கும் ஆட்டோக்களைக் காலை 10 மணிக்கு முன்னால் கடை வரைக்கும் வர விடுங்கள்.

கடை வீதிக் கட்டிடங்களின் அடித்தளங்களை ஆய்வு செய்து, வரைபடத்தில் நிறுத்துமிடம் என்று காட்டிய இடத்தை நிறுத்துமிடமாகத் திறக்க வைக்க வேண்டும். ஆய்வில் என்ன கண்டீர்கள் என்பதை நகர்மன்றக் கூட்டத்தில் வையுங்கள். எங்கள் வழிகாட்டிப் பலகையைத் திருப்பிக் கொடுங்கள், அல்லது நகராட்சியே வீதிப் பெயரோடு ஒரு பலகை வைக்கட்டும். அணைந்த இரண்டு தெருவிளக்குகளையும் ஆடும் கல் பலகைகளையும் சரி செய்யுங்கள். இதற்கு ஆலோசனைக் கூட்டம் தேவையில்லை, ஆள் அனுப்பினால் போதும். இனி இந்தப் பகுதிக்குப் போக்குவரத்து மாற்றம் எது வந்தாலும், கடை வீதிக்காரர்களோடு எங்களில் இரண்டு பேரையும், தள்ளுவண்டிக்காரர்களில் ஒருவரையும் உட்கார வைத்துப் பேசிவிட்டு முடிவெடுங்கள்.

இந்த மடலுக்கு 15 நாளுக்குள் எழுத்து மூலம் பதில் கொடுங்கள். எதைச் செய்ய முடியும், எதை முடியாது, முடியாததற்கு என்ன காரணம் என்று அதில் இருக்க வேண்டும். பதில் வரவில்லை என்றால், அதற்கு அடுத்து வரும் திங்கட்கிழமை மாவட்ட ஆட்சியரின் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில், வீதியில் உள்ள எல்லாக் கடைக்காரர்களின் கையெழுத்தோடும், நோட்டில் கணக்கு வைத்திருக்கும் டெய்லர்களின் கையெழுத்தோடும் இதே கோரிக்கைகளைக் கொடுப்போம்.

இப்படிக்கு,
கடை வீதிக்குப் பின்வீதியில் தையல் சாமான் கடை நடத்தும் ஒரு வியாபாரி